ஏஐ ஏஜென்ட்டுக்கு சிஐ பில்ட் பட்டியல் தரும் டூல்: கட்டுவது முதல் சோதிப்பது வரை முழு வழிகாட்டி

"மெயின் பிராஞ்ச் எப்போதிலிருந்து உடைந்திருக்கிறது? எந்த கமிட்டுக்குப் பிறகு?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். சோர்ஸ் கோடைத் திறப்பதற்கு முன்பே அதற்குப் பில்ட் பட்டியல் வேண்டும்: கோடு மாறும்போதெல்லாம் அதைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ (கன்டினியுவஸ் இன்டக்ரேஷன்) அமைப்பு எதை ஓட்டியது, முடிவு என்ன என்ற பட்டியல். லாக் படிப்பதும், டெஸ்ட்டை ஓட்டிப் பார்ப்பதும், திருத்தம் எழுதுவதும் அதற்கு அடுத்த வேலைகள். பட்டியல் பிசகினால் அத்தனையும் பிசகும். ஏஜென்ட் வேறொரு பில்டின் லாக்கைப் படிக்கும், சம்பந்தமில்லாத கமிட்டின் மேல் பழி போடும், அதைச் சரிசெய்வதாக ஒரு புல் ரிக்வெஸ்ட்டும் திறந்துவிடும்.

சிஐ பக்கத்தை நாம் பார்க்கும்போது மஞ்சள் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். கீழே அடுத்த பக்கத்துக்கான பொத்தான் இருப்பதும் தெரியும். மேலே எந்த ஃபில்டர் போட்டிருக்கிறோம் என்பதும் கண்ணில் படும். ஏஜென்ட்டுக்கு இவை எதுவும் கிடையாது. டூல் திருப்பித் தரும் எழுத்தை அது அப்படியே நம்பும். ஆகவே, காட்டுவதோடு சேர்த்து, காட்டாமல் விட்டதையும் டூல் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். கீழே நான் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருபவை.

கட்டப்போவது ஒரு சிறிய எம்சிபி சர்வர். மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற இந்த நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகிய மூன்றையும் ஒரு சர்வர் அறிவித்துவிட்டால், எம்சிபி தெரிந்த எந்த ஏஜென்ட்டும் அதைக் கூப்பிட முடியும். பின்னணியில் கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸை எடுத்துக்கொள்கிறேன். ஜென்கின்ஸ், கிட்லேப், பில்ட்கைட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. கிட்ஹப்பும் பில்ட்கைட்டும் தாங்களே எம்சிபி சர்வர் தருகின்றன. ஒரே ஒரு சிஐ வைத்திருந்து, பொதுவான கேள்விகளே போதும் என்றால் அவற்றை எடுத்து ஓட்டுங்கள். இரண்டு மூன்று சிஐக்கள் கலந்திருக்கும் இடத்திலும், உங்கள் டீமின் பிராஞ்ச் வழக்கத்துக்கு ஏற்ற பதில் வேண்டிய இடத்திலும் சொந்தமாகக் கட்டுவது பலன் தரும்.

முதல் படி: கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஏபிஐ (சிஐயிடம் புரோகிராம் வழியாகத் தகவல் கேட்கும் வழி) ஆவணத்தைத் திறந்து அதில் உள்ள எல்லா ஃபில்டர்களையும் டூலில் கொட்டுவதுதான் பலரும் தொடங்கும் இடம். அங்கே தொடங்காதீர்கள். உங்கள் டீமில் பில்ட் பற்றி உண்மையில் கேட்கப்படும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் நான்குதான் வரும்: மெயின் இப்போது பச்சையா சிவப்பா, என் கமிட் பாஸ் ஆகிவிட்டதா, இப்போது எது ஓடிக்கொண்டிருக்கிறது, எப்போதிலிருந்து உடைந்தது.

முதல் மூன்றுக்கும் ஒரு பட்டியல் போதும். நான்காவது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய பதில். அதை மாடலின் தலையில் கட்டாமல் கோடிலேயே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தனி டூல், தனிப் பகுதி பின்னால் வருகிறது.

டோக்கன்

டோக்கன் என்பது டூல் கிட்ஹப்பிடம் காட்டும் சாவி. கிட்ஹப்பில் ஃபைன் கிரெயின்ட் வகை டோக்கன் எடுங்கள். வேண்டிய ரெப்போக்களை (கோடு இருக்கும் களஞ்சியங்களை) மட்டும் தேர்ந்தெடுத்து, ஆக்ஷன்ஸ், கன்டென்ட்ஸ் என்ற இரண்டு அனுமதிகளுக்கும் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்; பிராஞ்சைப் பார்க்கவும் கமிட்டுகளை ஒப்பிடவும் இரண்டாவது வேண்டும். பழைய கிளாசிக் டோக்கனில் ரெப்போ என்ற ஸ்கோப்பைத் தட்டினால் எழுதும் உரிமையும் சேர்ந்தே போய்விடும். பட்டியல் பார்க்க மட்டுமே வந்த ஏஜென்ட்டின் கையில் அது இருக்கவே கூடாது.

டோக்கனை டூலின் உள்ளீடாக வாங்க வேண்டாம். உள்ளீடாக வைத்தால் அது உரையாடலுக்குள் வந்துவிடும், அங்கிருந்து லாக்குக்கும் போகும். சர்வர் தொடங்கும்போது என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். எந்தெந்த ரெப்போவைப் பார்க்கலாம் என்ற பட்டியலையும் சர்வர் பக்கமே வைத்திருங்கள்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். தனியார் ரெப்போவைப் பார்க்க டோக்கனுக்கு உரிமை இல்லையென்றால் கிட்ஹப் 403 (அனுமதி இல்லை) தராது, 404 (கிடைக்கவில்லை) தரும். அப்படி ஒரு ரெப்போ இருக்கிறது என்பதையே மறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த 404ஐ அப்படியே மாடலிடம் கொடுத்தால் "ரெப்போ இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடும்.

கையால் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்

கோடு எழுதும் முன், டெர்மினலில் கர்ல் என்ற கட்டளை கொண்டு ரெப்போவின் ஆக்ஷன்ஸ் ரன்ஸ் முகவரியைக் கூப்பிட்டு, வரும் ஜேசன் பதிலை நிதானமாகப் படியுங்கள். சிஐ ஓட்ட வேண்டிய வேலைகளின் தொகுப்பு ஒர்க்ஃப்ளோ; அது ஒருமுறை ஓடுவது ஒரு ரன். எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 30 ரன் வரும், அதிகபட்சம் 100. ஒவ்வொரு ரன்னுக்குள்ளும் ரெப்போவின் முழு விவரம் ஒருமுறை, ஹெட் ரெப்போவின் (கமிட் வந்த ரெப்போவின்) விவரம் இன்னொரு முறை என வருகிறது. ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில் யூஆர்எல்கள். ரன்னைத் தொடங்கியவரின் விவரமும் இப்படியே இருமுறை. ஏஜென்ட்டுக்குத் தேவையான ஐந்தாறு தகவல்கள் இந்தக் குவியலுக்குள் எங்கோ கிடக்கும். இதை வடிகட்டாமல் அனுப்பினால் மாடலின் கான்டெக்ஸ்ட் இடம் வீணாகும், காசும் போகும். பெரிய ஆபத்து வேறு: குவியலின் நடுவில் இருக்கும் ஒரு "ஃபெயிலியர்" என்ற சொல்லை அது கவனிக்காமல் தாண்டிவிடலாம்.

வடிகட்டும்போது நான் வைத்துக்கொள்பவை: ரன்னின் ஐடி, ரன் நம்பர், ஒர்க்ஃப்ளோவின் பெயர், பிராஞ்ச், கமிட்டின் முதல் ஏழு எழுத்து, எந்த நிகழ்வால் ஓடியது, நிலை, எத்தனையாவது முயற்சி, தொடங்கிய நேரம், எடுத்த நேரம். ஐடியும் ரன் நம்பரும் வேறு வேறு. ரன் நம்பர் ஒவ்வொரு ஒர்க்ஃப்ளோவுக்கும் 1 முதல் எண்ணப்படுவது. திரையில் மனிதர்கள் பார்ப்பது அதைத்தான். லாக் எடுக்கும் அடுத்த டூலுக்கு வேண்டியது ஐடி. இரண்டையும் பெயர் சொல்லித் தராவிட்டால் ஏஜென்ட் ரன் நம்பரைக் கொண்டுபோய் லாக் கேட்கும். ஐடிகள் இப்போது 32 பிட் முழு எண்ணுக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டன. எண்ணாக வைக்காமல் எழுத்துச் சரமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஏபிஐயின் வலைகள்

இந்தப் பகுதியைத்தான் அவசரப்படாமல் படிக்கச் சொல்வேன். டூல் பொய் சொல்லத் தொடங்குவது இங்கேதான்.

முதலாவது, நிலை என்பது கிட்ஹப்பில் இரண்டு ஃபீல்டாகப் பிரிந்திருக்கிறது. ஸ்டேட்டஸ் என்பது ரன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது: வரிசையில் நிற்கிறது, ஓடுகிறது, முடிந்தது. கன்க்ளூஷன் என்பது முடிவு: சக்ஸஸ், ஃபெயிலியர், கேன்சல்ட், ஸ்கிப்ட், டைம்ட் அவுட், நியூட்ரல், ஆக்ஷன் ரெக்கொயர்ட், ஸ்டேல். ஓடிக்கொண்டிருக்கும் ரன்னுக்கு கன்க்ளூஷன் காலியாக இருக்கும். "கம்ப்ளீட்டட்" என்ற சொல்லைப் பார்த்ததும் பாஸ் என்று எடுத்துக்கொள்வது மாடல்களுக்குச் சுலபம். இரண்டையும் சேர்த்து ஒரே நிலையாக்கி, உங்கள் சொல்லில் கொடுங்கள்: வரிசையில், ஓடுகிறது, பாஸ், தோல்வி, நேரம் தாண்டியது, ரத்து, தவிர்க்கப்பட்டது, ஆள் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. தெரியாத மதிப்பு ஏதேனும் வந்தால் அதை எந்தப் பெட்டியிலும் திணிக்காமல் வந்தபடியே காட்டுங்கள்.

இரண்டாவது, ஃபோர்க், அதாவது உங்கள் ரெப்போவை இன்னொருவர் தன் கணக்கில் எடுக்கும் நகல். பொதுவெளி ரெப்போவில் ஒருவர் ஃபோர்க் எடுத்து, தன் ஃபோர்க்கின் மெயின் பிராஞ்சிலிருந்தே புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால், அந்த ரன்னின் ஹெட் பிராஞ்ச் "மெயின்" என்றே பதிவாகும். நீங்கள் பிராஞ்ச் மெயின் என்று ஃபில்டர் போட்டால் அதுவும் உள்ளே வரும். அவருடைய டெஸ்ட் தோற்றால், உங்கள் மெயின் உடைந்துவிட்டது என்று ஏஜென்ட் அறிக்கை கொடுக்கும். இதைத் தடுக்க புல் ரிக்வெஸ்ட்டுகளை விலக்குவது போலப் பெயர் கொண்ட ஒரு பாராமீட்டர் இருக்கிறதே என்று பலரும் அதைப் போடுவார்கள். அது ரன்களை விலக்காது; ஒவ்வொரு ரன்னுக்குள்ளும் இருக்கும் புல் ரிக்வெஸ்ட் விவரத்தை மட்டும் காலியாக்கும். சரியான வழி, நிகழ்வு புஷ் என்று ஃபில்டர் போடுவது. அல்லது ஹெட் ரெப்போவும் ரெப்போவும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு வடிகட்டுவது.

மூன்றாவது, மறுஓட்டம். தோற்ற ரன்னை யாராவது மீண்டும் ஓட்டினால் ஐடி மாறாது, ரன் நம்பரும் மாறாது; முயற்சி எண் மட்டும் ஒன்று கூடும். பட்டியலில் தெரிவது கடைசி முயற்சியின் முடிவு. இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறிய ரன் பட்டியலில் அழகான பச்சையாக நிற்கும். ஒரே கமிட், ஒரே கோடு, வெவ்வேறு முடிவு என்றால் டெஸ்ட் நிலையாக இல்லை என்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடைக்காது. முயற்சி எண்ணை விட்டுவிட்டால் அந்தத் தடயம் அழிந்துபோகும். நேரமும் இதில் சிக்கும்: உருவான நேரம் முதல் முயற்சியுடையது, மறுஓட்டத்தால் மாறாது. ரன் தொடங்கிய நேரம் என்ற ஃபீல்டுதான் கடைசி முயற்சியைக் குறிக்கும். எடுத்த நேரத்தை முதலாவதிலிருந்து கணக்கிட்டால், நேற்று ஓடி இன்று மறுஓட்டம் கண்ட பில்ட் ஒரு நாள் முழுக்க ஓடியதாகத் தெரியும்.

நான்காவது, பிராஞ்ச், நிகழ்வு, நிலை, தேதி போன்ற ஃபில்டர் ஒன்றைப் போட்டால் 1,000 முடிவுகளுக்கு மேல் வராது. பிஸியான ரெப்போவில் பழைய கதையைத் தேடும்போது இந்த எல்லை தட்டும். தேதி வரம்பைச் சிறுசிறு துண்டாக்கிக் கேட்க வேண்டும்.

சின்னதாக இன்னொன்று. புல் ரிக்வெஸ்ட் ரன்னில் காட்டப்படும் கமிட், பிராஞ்சின் நுனியில் இருப்பது. ஆனால் டெஸ்ட் ஓடியது அதை மெயினோடு இணைத்து கிட்ஹப் தற்காலிகமாக உண்டாக்கும் மெர்ஜ் கமிட்டின் மேல். ஏஜென்ட் அந்த நுனி கமிட்டை எடுத்து லோக்கலில் ஓட்டினால் பாஸ் ஆகலாம். "என்னால் பிழையை மீண்டும் உண்டாக்க முடியவில்லை" என்று அது நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. நிகழ்வு புல் ரிக்வெஸ்ட் என்றால் இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

டூலின் விளக்கம்

மாடல் டூலைத் தேர்ந்தெடுப்பது பெயரையும் விளக்கத்தையும் படித்துத்தான். ஏபிஐ ஆவணத்தின் வரியை அங்கே ஒட்டிவிடாதீர்கள். எப்போது கூப்பிட வேண்டும், எப்போது கூடாது, எது கிடைக்காது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நான் எழுதும் விளக்கம் இப்படி இருக்கும்:

> ஒரு ரெப்போவின் சிஐ பில்டுகளைப் புதியது முதலில் என்ற வரிசையில் தருகிறது. எதையும் மாற்றாது. ஒரு பிராஞ்ச் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஒரு கமிட் தேறியதா, இப்போது எது ஓடுகிறது என்று அறிய இதைக் கூப்பிடு. எப்போதிலிருந்து உடைந்தது என்று அறிய இதைக் கூப்பிடாதே; அதற்கு "உடைந்த இடம்" டூல் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பில்டுக்கு முடிவு கிடையாது; அதைப் பாஸ் என்று எண்ணாதே. லாக் இதில் வராது.

உள்ளீடுகள் குறைவாக இருக்கட்டும்: ரெப்போ, பிராஞ்ச், கமிட், ஒர்க்ஃப்ளோ, நிகழ்வு, நிலை, எத்தனை வேண்டும், எந்தப் பக்கம். ரெப்போவைத் தவிர எல்லாம் விருப்பத்துக்கு. நிலைக்கும் நிகழ்வுக்கும் அனுமதித்த மதிப்புகளை ஸ்கீமாவிலேயே வரிசையாகக் கொடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் "பிரோக்கன்", "ரெட்" என்று மாடல் தானாகச் சொல் கண்டுபிடிக்கும். கிட்ஹப்பின் நிலை ஃபில்டர் ஒரே பாராமீட்டரில் ஸ்டேட்டஸ், கன்க்ளூஷன் இரண்டின் மதிப்புகளையும் ஏற்கிறது என்பதால் மாற்றிக் கொடுப்பது சுலபம்.

பிராஞ்ச் சொல்லாவிட்டால் என்ன செய்வது? எல்லா பிராஞ்சையும் கலந்து தருவது ஒரு வழி. நான் ரெப்போவின் டிஃபால்ட் பிராஞ்சை எடுத்துக்கொள்வேன், அதைப் பதிலின் முதல் வரியில் எழுதியும் விடுவேன். டிஃபால்ட் பிராஞ்சின் பெயரை ரெப்போ ஏபிஐயில் கேட்டே வாங்குங்கள். மாஸ்டர், மெயின், டெவலப் என்று ஊகிக்க வேண்டாம். எண்ணிக்கைக்கு 10 நல்ல தொடக்கம், 30 மேல் வரம்பு. கமிட் கேட்டு வந்தால் மட்டும் பிராஞ்ச் ஃபில்டரைத் தளர்த்துங்கள். அந்த கமிட் எங்கே ஓடியிருந்தாலும் தெரிய வேண்டும்.

எம்சிபியில் டூலுக்குக் குறிப்புகள் சேர்க்கும் வசதி உண்டு. படிக்க மட்டும் என்ற குறிப்பை உண்மை என்று வையுங்கள். பல ஏஜென்ட் செயலிகள் இதைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பயனரிடம் அனுமதி கேட்காமல் ஓட விடும். ஆனால் அது வெறும் குறிப்பு. காவல் டோக்கனின் உரிமையில்தான் இருக்கிறது. அதனால் மறுஓட்டம், ரத்து இரண்டையும் இந்த டூலுக்குள் ஒரு விருப்பமாக நுழைக்காதீர்கள். வேண்டுமானால் வேறு டூலாக, வேறு டோக்கனோடு வையுங்கள்.

பதிலின் வடிவம்

ஒரு ரன்னுக்கு ஒரு வரி. தலையில் என்ன கேட்டு எடுத்தது, காலில் எது விடுபட்டது. இதோ ஒரு மாதிரி:

> டெஸ்ட் ஒர்க்ஃப்ளோ, மெயின் பிராஞ்ச் (டிஃபால்ட்), புஷ் மட்டும். நேரங்கள் இந்திய நேரம்.
> ரன் 4821, ஐடி 17000093310: ஓடுகிறது, 6 நிமிடமாக. கமிட் 8403917
> ரன் 4820, ஐடி 17000091274: தோல்வி, முயற்சி 1, 11 நிமிடம், 14:32. கமிட் 2290461
> ரன் 4819, ஐடி 17000088156: ரத்து, முயற்சி 1, 2 நிமிடம், 13:58. கமிட் 5031842
> ரன் 4818, ஐடி 17000085029: பாஸ், முயற்சி 3, 12 நிமிடம், 13:05. கமிட் 7716035
> காட்டியவை 4. பொருந்துபவை மொத்தம் 212. புல் ரிக்வெஸ்ட், ஷெட்யூல் ரன்கள் இதில் இல்லை. அடுத்தது: பக்கம் 2.

கடைசி வரியில் உள்ள மொத்த எண்ணிக்கை ஏபிஐயின் பதிலிலேயே வருகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு நான்கு வரியை மட்டும் கொடுத்தால், இந்த பிராஞ்சில் ஓடியதே நான்கு பில்டுதான் என்று ஏஜென்ட் முடிவு கட்டும். "சமீபத்தில் 25 சதவீதம் தோல்வி" என்று சதவீதமும் போட்டுக் கொடுக்கும்.

நேரம் பற்றி ஒரு சொல். கிட்ஹப் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமான யூடிசியில் தருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம். "இன்று எத்தனை பில்ட் தோற்றது" என்று கேட்டால், யூடிசி தேதியை வைத்து எண்ணும் டூல் விடியற்காலை 5.30க்கு முன் ஓடிய நைட்லி பில்டுகளை நேற்றைய கணக்கில் சேர்த்துவிடும். டீமின் நேர மண்டலத்தை சர்வர் அமைப்பில் வைத்து, தேதி எல்லையை அங்கேயே மாற்றி, எந்த நேரம் என்று தலைவரியில் எழுதிவிடுங்கள்.

2025 ஜூன் பதிப்பிலிருந்து எம்சிபியில் எழுத்தோடு சேர்த்து வடிவமைந்த ஜேசனையும் பதிலாக அனுப்பலாம். ஏஜென்ட் அந்த முடிவை வேறு கோடுக்கு ஊட்டப்போகிறது என்றால் இரண்டையும் தாருங்கள். மாடல் படிப்பதற்கு மேலே உள்ள வரிகளே போதும்.

"உடைந்த இடம்" டூல்

பட்டியலைக் கொடுத்து "எப்போதிலிருந்து" என்று மாடலையே கண்டுபிடிக்கச் சொன்னால், முதல் பக்கத்தில் இருக்கும் கடைசித் தோல்வியை அது முதல் தோல்வி என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். கோடு இதைச் சரியாகச் செய்யும்.

ஒரே ஒரு ஒர்க்ஃப்ளோவை எடுத்துக்கொள்ளுங்கள். லிண்ட் (கோடின் நடை சரிபார்ப்பு), டெஸ்ட், டிப்ளாய் மூன்றும் கலந்த பட்டியலில் பின்னோக்கிப் போனால் லிண்ட் பாஸ் ஆனதைப் பார்த்து டெஸ்ட் தேறியதாகக் கணக்காகிவிடும். கிட்ஹப்பில் ஒர்க்ஃப்ளோவுக்கென்று தனி ரன் முகவரி உண்டு. ஐடி தெரியாவிட்டால் ஒர்க்ஃப்ளோ ஃபைலின் பெயரையே கொடுக்கலாம். பிராஞ்ச், புஷ், முடிந்தவை என்று ஃபில்டர் போட்டு, புதியதிலிருந்து பழையதை நோக்கி நடங்கள். தோல்வியும் நேரம் தாண்டியதும் உடைப்பு. பாஸ் வந்ததும் நில்லுங்கள். ரத்தானவை, தவிர்க்கப்பட்டவை, நியூட்ரல் மூன்றும் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. அவற்றைத் தாண்டிப் போங்கள்.

தாண்டுங்கள், ஆனால் மறக்காதீர்கள். மேலே உள்ள மாதிரியில் 4818 பாஸ், 4820 தோல்வி, நடுவே 4819 ரத்து. புதிய புஷ் வந்ததும் பழைய ரன்னை நிறுத்தும் கன்கரன்ஸி அமைப்பு வைத்திருக்கும் டீம்களில் இது தினமும் நடக்கும். சந்தேகத்துக்கு உரியது 2290461 மட்டும் அல்ல; ரத்தான ரன்னின் 5031842ம் தான். அது சோதிக்கப்படாமலே உள்ளே போயிருக்கிறது. ஆகவே கடைசியாகத் தேறிய கமிட், முதலில் தோற்ற கமிட், இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா கமிட்டுகள் என்று வரம்பாகப் பதில் கொடுங்கள். கிட்ஹப்பின் கம்பேர் முகவரி இந்த இரண்டு கமிட்டுகளை வாங்கிக்கொண்டு நடுவில் உள்ளவற்றைத் தரும்.

4818 மூன்றாவது முயற்சியில் தேறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடைப்பு அதற்கும் முன்பே தொடங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தை ஏஜென்ட்டுக்கு அது கொடுக்கும். பாஸ் ஒன்றுகூடக் கிடைக்காமல் உங்கள் எல்லை தீர்ந்துவிட்டால் "இந்தத் தேதி வரை பார்த்தேன், அதற்குள் தேறிய ரன் இல்லை" என்று எழுதுங்கள்.

பிழைகள், காலிப் பட்டியல், காத்திருப்பு

எம்சிபியில் பிழைகள் இரண்டு விதம். தெரியாத டூலைக் கூப்பிடுவது போன்றவை நெறிமுறையின் பிழைகள். டூல் ஓடி, பின்னணி ஏபிஐ மறுத்தது என்பது டூலின் முடிவாகவே, பிழை என்ற கொடியோடு போக வேண்டும். அப்போதுதான் மாடல் அதைப் படித்துத் தன் அடுத்த அடியை மாற்றிக்கொள்ளும். படிப்பது மாடல் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். 404க்கு: "ரெப்போ இல்லை, அல்லது இந்த டோக்கனுக்கு அதைப் பார்க்க உரிமை இல்லை. பெயர் சரியென்றால் பயனரிடம் உரிமையைச் சரிபார்க்கச் சொல்." 401க்கு டோக்கன் தவறு அல்லது காலாவதி என்று சொல்லி, மீண்டும் முயலாதே என்றும் சொல்லுங்கள்.

வழக்கமான பர்சனல் டோக்கனுக்கு கிட்ஹப் மணிக்கு 5,000 கோரிக்கை தருகிறது. ஏஜென்ட்டை ஆக்ஷன்ஸுக்குள்ளேயே ஓட்டி, அங்கே தானாகக் கிடைக்கும் டோக்கனைப் பயன்படுத்தினால் ஒரு ரெப்போவுக்கு மணிக்கு 1,000. முடிந்துவிட்டால் 403 அல்லது 429 வரும். எப்போது மீளும் என்பது ஹெடரில் இருக்கும். அந்த எண்ணை நேரமாக மாற்றிச் சொல்லுங்கள். பதிலின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் மதிப்பைச் சேமித்து வைத்து அடுத்த கோரிக்கையில் அனுப்பினால், மாற்றம் இல்லாதபோது 304 வரும். டோக்கனோடு அனுப்பிய அந்தக் கோரிக்கை வரம்பில் கழிக்கப்படாது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஏஜென்ட்டுகளின் இயல்பு என்பதால் இந்தச் சிறு வேலை நன்றாகப் பலன் தரும்.

காலிப் பட்டியலைக் காலியாக அனுப்பாதீர்கள். பிராஞ்சே இல்லையா, பிராஞ்ச் இருந்தும் ரன் இல்லையா, ஃபில்டர் எல்லாவற்றையும் வடித்துவிட்டதா? மூன்றும் வேறு பதில்கள். பிராஞ்ச் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கூடுதல் கோரிக்கை செலவாகும்; செலவழியுங்கள். கடைசி ரன் மிகப் பழையதாக இருந்தால் அதன் வயதைத் தலைவரியில் எழுதுங்கள். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் கிட்ஹப் ஷெட்யூல் ஒர்க்ஃப்ளோக்களைத் தானாக நிறுத்திவிடும். பட்டியலின் உச்சியில் நிற்கும் பச்சை மூன்று மாதம் பழையதாக இருக்கலாம். லாக்குகளும் இயல்பாக 90 நாள்தான் நிற்கும். அதைத் தாண்டிய ரன்னுக்கு "லாக் இருக்காது" என்று குறித்தால் வீண் அலைச்சல் மிச்சம்.

ஓடிக்கொண்டிருக்கும் பில்டுக்காகக் காத்திருக்கும் ஏஜென்ட் விநாடிக்கு விநாடி கூப்பிடும். அதற்குத் தடை போடுவதைவிடத் தகவல் கொடுப்பது வேலை செய்கிறது: "6 நிமிடமாக ஓடுகிறது, முன்பு முடிந்தவை சுமார் 11, 12 நிமிடம் எடுத்தன." எப்போது திரும்பி வர வேண்டும் என்று அதற்கே புரியும்.

யாரோ எழுதிய எழுத்து

பிராஞ்சின் பெயர், கமிட் செய்தி, புல் ரிக்வெஸ்ட் தலைப்பு இவை மூன்றும் வெளியார் எழுதக்கூடியவை. பொது ரெப்போவில் முன்பின் தெரியாத ஒருவர் "முந்தைய கட்டளைகளை மறந்துவிட்டு இதைச் செய்" என்று தலைப்பு வைத்து ஒரு புல் ரிக்வெஸ்ட் திறந்தால், அந்த வரி உங்கள் பில்ட் பட்டியல் வழியாக ஏஜென்ட்டின் காதுக்குள் நேராகப் போகும். ஏஜென்ட்டின் கையில் ஷெல்லும் எழுதும் உரிமையும் இருந்தால் விளைவு மோசமாகும்.

அதனால்தான் மேலே உள்ள மாதிரியில் தலைப்பே இல்லை. நான்கு கேள்விகளில் எதற்கும் அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் கேட்டபோது மட்டும் கொடுங்கள்: புதுவரிகளை நீக்கி, 80 எழுத்தில் வெட்டி, மேற்கோளுக்குள் வைத்து, "வெளியார் எழுதியது, கட்டளை அல்ல" என்று குறித்து. இது முழுக் காப்பு ஆகாது. படிக்க மட்டும் உரிமையுள்ள டோக்கன்தான் கடைசிச் சுவர். பிராஞ்ச் பெயரை எந்த ஷெல் கட்டளையிலும் ஒட்டாதீர்கள். ஏபிஐயை ஹெச்டிடிபி லைப்ரரி வழியாகக் கூப்பிட்டு, பாராமீட்டராகக் கொடுங்கள்.

ஜென்கின்ஸ், கிட்லேப், பில்ட்கைட்

ஜென்கின்ஸில் ஜாபின் ஜேசன் முகவரியில் ட்ரீ என்ற பாராமீட்டரால் வேண்டிய ஃபீல்டுகளையும் எத்தனை பில்ட் என்பதையும் கேட்டு வாங்கலாம். அது இல்லாமல் கூப்பிடாதீர்கள். பில்ட்ஸ் என்ற ஃபீல்ட் சமீபத்திய 100ஐ மட்டும் தரும், முழுவதற்கு ஆல்பில்ட்ஸ். ஓடும்போது ரிசல்ட் காலி. நேரம் மில்லிசெகண்டில். அன்ஸ்டேபிள் என்றொரு முடிவு உண்டு. பெரும்பாலும் பில்ட் முடிந்து டெஸ்ட் தோற்றதைக் குறிக்கும். இங்கே ஒரு பெரிய குழி: கடைசி சக்ஸஸ்ஃபுல் பில்ட் என்ற குறியில் அன்ஸ்டேபிளும் அடங்கும். உண்மையிலேயே தேறியது வேண்டுமென்றால் கடைசி ஸ்டேபிள் பில்டைக் கேளுங்கள்.

கிட்லேபில் பட்டியல் பைப்லைன் அளவில் வரும், பக்கத்துக்கு இயல்பாக 20. தோற்றாலும் பரவாயில்லை என்று குறித்த ஜாப் தோற்றால் பைப்லைன் பட்டியலில் சக்ஸஸ் என்றே நிற்கும். எச்சரிக்கையோடு தேறியது என்ற விவரம் வேண்டுமானால் அந்த ஒரு பைப்லைனைத் தனியாகக் கேட்க வேண்டும். மெர்ஜ் ரிக்வெஸ்ட் பைப்லைன்களின் ரெஃப் பிராஞ்ச் பெயராக இருக்காது. பிராஞ்சை வைத்துத் தேடினால் அவை வராது. காலில் எழுதும் வரியில் அதைச் சொல்லுங்கள்.

பில்ட்கைட் ஒவ்வொரு பில்டோடும் அதன் ஜாப்களையும் சேர்த்தே அனுப்பும். அவற்றை விலக்கும் பாராமீட்டரைப் போட்டால் பதில் வெகுவாக மெலியும். ஃபெய்லிங் என்ற நிலை இங்கே அருமையானது: ஒரு ஜாப் ஏற்கெனவே தோற்றுவிட்டது, பில்ட் இன்னும் ஓடுகிறது. இதை "ஓடுகிறது" என்று சுருக்காமல் தனி நிலையாகவே வையுங்கள். ஏஜென்ட் மிச்சம் முடியும்வரை காத்திராமல் லாக்கைப் படிக்கப் போகலாம்.

சோதனை

சர்வரை ஸ்டான்டர்ட் இன்புட் அவுட்புட் வழியாக ஓட்டினால், ஸ்டான்டர்ட் அவுட்புட்டில் எம்சிபி செய்தியைத் தவிர ஓர் எழுத்தும் போகக் கூடாது. பைத்தானில் மறந்துபோய் விட்ட ஒரு பிரின்ட் வரி இணைப்பையே குழப்பும். லாக்கை ஸ்டான்டர்ட் எரருக்கு அனுப்புங்கள். எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற கருவியில் மாடல் இல்லாமலே டூலைக் கையால் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகு உண்மையான ஏபிஐ பதில்களைச் சேமித்து, வலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: ஃபோர்க்கின் மெயின், மூன்றாவது முயற்சியில் தேறியது, நடுவில் ரத்தானது, கன்க்ளூஷன் காலியானது, தெரியாத நிலை.

கடைசியாக ஏஜென்ட்டை இணைத்து, பதில் உங்களுக்கு முன்பே தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள். மெயின் பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது "மெயின் பச்சையா?" என்று கேளுங்கள். இல்லாத பிராஞ்சின் பெயரைச் சொல்லி அதன் நிலை கேளுங்கள். 200 பில்ட் ஓடிய பிராஞ்சில் "இதுவரை எத்தனை தோற்றது?" என்று கேளுங்கள். ஏஜென்ட் தடுமாறினால் பிராம்ப்ட்டைத் தொடும் முன், டூல் அதற்குக் கொடுத்த எழுத்தை எடுத்துப் படியுங்கள். அந்த எழுத்தை மட்டும் வைத்து உங்களால் சரியான பதிலைச் சொல்ல முடியவில்லையென்றால், திருத்த வேண்டியது டூலின் தலைவரியும் கால்வரியும்தான்.